பேண்ட் வளர்ந்ததும் பழைய ரசிகர்கள் ஏன் விலகுகிறார்கள்?

யாருக்கும் தெரியாத ஓர் இசைக்குழுவை, அதாவது பேண்டை, முதலில் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் சிலர் இருப்பார்கள். ஐம்பது பேர் கூட வராத கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் நின்றிருப்பார்கள். கேசட் வாங்கி, அதை நகலெடுத்து நண்பர்களிடம் கொடுத்து, 'இதைக் கேட்டே ஆகணும்' என்று நச்சரித்திருப்பார்கள். அப்புறம் ஒரு நாள் அந்த பேண்ட் பெரிதாகிவிடும். ரேடியோ, டிவி, துணிக்கடை, எங்கே போனாலும் அதே பாட்டு. இத்தனை நாள் ஆசைப்பட்டது நடந்துவிட்டதே என்று இவர்கள்தான் முதலில் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் முதலில் விலகிப்போகிறவர்களும் இவர்களாகத்தான் இருக்கிறார்கள். 'முன்னாடி நல்லா இருந்தாங்க, இப்போ மாறிட்டாங்க' என்ற பேச்சு அப்போதுதான் கிளம்புகிறது.

இதை வெறும் பந்தா என்று தள்ளிவிடுவது சுலபம். பந்தா இதில் இல்லாமல் இல்லை, அதையும் பார்ப்போம். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் வளர்ந்த எல்லா பேண்டுக்கும் இதே கதி வந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. சில பேண்டுகளோடு பழைய ரசிகர்கள் கடைசிவரை நின்றார்கள். சில பேண்டுகளைச் சுவரில் எழுதித் திட்டினார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும். அதைப் பார்க்க 1990-களின் அமெரிக்க பங்க் உலகத்தைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

பங்க் 1970-களில் நியூயார்க்கிலும் லண்டனிலும் சூடுபிடித்த ராக் இசை வகை. கிட்டாரில் நாலைந்து ஸ்வரக் கூட்டுகளை (கார்டு) பிடிக்கத் தெரிந்தால் மேடை ஏறிவிடலாம், பாட்டு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடலாம், விலையுயர்ந்த ஸ்டூடியோ வேண்டாம். 1980-களில் அமெரிக்காவில் இதைச் சுற்றி ஒரு தனி ஏற்பாடே வளர்ந்தது. ஆல்பம் போடச் சொந்தமாகச் சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனங்கள். செய்தி சொல்ல ஜெராக்ஸ் எடுத்து பின் அடித்த பத்திரிகைகள். பேண்டுகள் வேனில் ஊர் ஊராகப் போய்ப் பாடும், ராத்திரி யாராவது ரசிகர் வீட்டுத் தரையில் படுத்துக்கொள்ளும். கேட்பவருக்கும் பாடுபவருக்கும் நடுவே பெரிய தூரம் இல்லாத உலகம் அது.

கில்மன் தெரு, எண் 924

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர் பெர்க்லி. அங்கே கில்மன் தெருவில் 924-ஆம் எண்ணில் கிடங்கு மாதிரி ஒரு கட்டடம். 1986 டிசம்பர் 31 இரவு அங்கே முதல் கச்சேரி நடந்தது. எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம், அதனால் பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். மது கிடையாது. வாசலில் காசு வாங்குபவர், ஒலி அமைப்பைப் பார்ப்பவர், கடைசியில் தரையைக் கூட்டுபவர் எல்லாருமே சம்பளம் இல்லாமல் வேலை செய்தவர்கள். இனவெறி கூடாது, பெண்களை இழிவாக நடத்தக் கூடாது, ஒருபாலீர்ப்பாளர்களை வெறுக்கக் கூடாது, அடிதடி கூடாது என்று விதிகளைச் சுவரிலேயே பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார்கள். இன்னொரு விதியும் இருந்தது: பெரிய கம்பெனி லேபிளோடு ஒப்பந்தம் போட்ட பேண்டுக்கு அந்த மேடை கிடையாது.

அந்தக் கூட்டத்தில் வளர்ந்த பேண்ட்தான் கிரீன் டே. அதன் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் டிர்ன்ட்டும் பதின்வயதில் அங்கே வந்து போனவர்கள். லுக்அவுட் என்ற உள்ளூர் லேபிள் 1990-இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. அடுத்த ஆல்பத்துக்குள் அவர்கள் பெயர் நாடு முழுக்க பங்க் வட்டாரத்தில் பரவிவிட்டது. கச்சேரிக்கு வரும் கூட்டம் சின்ன அரங்குகளில் அடங்கவில்லை. 1993-இல் வார்னர் குழுமத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் லேபிளோடு கையெழுத்துப் போட்டார்கள். 1994 பிப்ரவரி 1-ஆம் தேதி 'டூக்கி' வெளிவந்தபோது பில்லி ஜோவுக்கு 22 வயது கூட நிரம்பவில்லை. அமெரிக்காவில் மட்டும் அந்த ஆல்பம் 1 கோடிக்கு மேல் விற்றது.

கில்மனின் கதவு அவர்களுக்கு மூடிக்கொண்டது. விதி விதிதான். கழிப்பறைச் சுவரில் 'பில்லி ஜோ சாக வேண்டும்' என்று யாரோ கிறுக்கி வைத்தார்கள். பழகிய இடத்துக்குப் பார்வையாளராகத் திரும்பிப் போனாலும் முகம் கொடுக்க ஆளில்லை. 1995-இல் வந்த அடுத்த ஆல்பத்தில் இந்தத் துரத்தலைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு? பிடித்த பாட்டுக்காரர்கள் நாலு காசு பார்த்தால் ரசிகருக்கு என்ன நஷ்டம்?

இந்த இடத்தில்தான் நாம் வழக்கமாகத் தவறவிடும் ஒன்று இருக்கிறது. கில்மனுக்கு வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் மாதிரி டிக்கெட் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனவர்கள் கிடையாது. நோட்டீஸ் அடித்தது அவர்கள், ஒட்டியது அவர்கள், பத்திரிகை எழுதியது அவர்கள், வெளியூர் பேண்டுக்குச் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தது அவர்கள். பெரிய கம்பெனிகள் இல்லாமலேயே நல்ல இசையைச் செய்யவும் பரப்பவும் முடியும் என்று காட்ட எல்லாரும் சேர்ந்து உழைத்தார்கள். அந்த உழைப்பில் விளைந்த நல்ல பேண்ட் ஒன்று அதே கம்பெனியிடம் போனால், உழைத்தவர்கள் கண்ணுக்கு அது கூட்டாளி பிரிந்து போவது. 'விலைபோய்விட்டார்கள்' என்று அவர்கள் சொன்னது அதைத்தான். வாங்குபவர் என்ற இடத்தில் இருந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

பெரிய லேபிள்கள் மேல் அவர்களுக்கு இருந்த சந்தேகமும் ஆதாரமில்லாதது அல்ல. ஸ்டீவ் ஆல்பினி என்ற ஒலிப்பதிவாளர் 1993-இல் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டே காட்டினார். ஒரு பேண்டுக்கு 2,50,000 டாலர் அட்வான்ஸ் கிடைக்கிறது, ஆல்பமும் 2,50,000 பிரதிகள் விற்கிறது என்று வைத்துக்கொண்டார். கேட்பதற்குப் பெரிய வெற்றி. ஆனால் அட்வான்ஸ் என்பது பரிசுப் பணம் கிடையாது. பேண்டின் ராயல்டியிலிருந்து, அதாவது விற்பனையில் பேண்டுக்குச் சேர வேண்டிய பங்கிலிருந்து, கம்பெனி அதை முதலில் கழித்துக்கொள்ளும். ஒலிப்பதிவுச் செலவு, தயாரிப்பாளருக்குக் கொடுத்தது, வீடியோ செலவு, மேனேஜர் பங்கு, வக்கீல் ஃபீஸ், டூர் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒவ்வொருவர் கையிலும் நிற்பது சுமார் 4,000 டாலர்தான். ராயல்டி கணக்கிலோ பேண்ட் இன்னும் கம்பெனிக்குக் கடன்பட்டிருக்கிறது. சாதாரண மளிகைக் கடையில் வேலை பார்த்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு என்று அவரே ஒப்பிட்டார். அந்தக் காலத்து பங்க் ரசிகர்களிடையே இந்தக் கட்டுரை கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. 'போகாதே, ஏமாந்துவிடுவாய்' என்று சொன்னவர்களில் உண்மையான அக்கறையோடு சொன்னவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அதே நேரம், அந்தக் கோபம் எல்லை தாண்டியதும் உண்மை. 1994 மே மாதம் ஜெல்லோ பியாஃப்ராவை கில்மனுக்குள்ளேயே வைத்து அடித்துக் காலைச் சேதப்படுத்தினார்கள். டெட் கென்னடீஸ் பேண்டின் பழைய பாடகர், சொந்தமாகச் சுயேச்சை லேபிள் நடத்தியவர், பெரிய கம்பெனி பக்கமே போகாதவர். அவரைத்தான் விலைபோனவர் என்று கத்திக்கொண்டே அடித்தார்கள். 'அடிதடி கூடாது' என்று எழுதிய சுவருக்குள் நடந்தது இது. ஒரு கொள்கைக்காகத் தொடங்கிய காவல் வேலை, யார் சுத்தமானவர் என்று ஆள் பிடிக்கும் வேலையாக மாறிவிட்டால் இங்கே வந்துதான் நிற்கும்.

அடையாளம் தேய்ந்து போவது

இனி பந்தா விஷயத்துக்கு வருவோம். பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. ஹார்வி லைபன்ஸ்டைன் என்ற அறிஞர் 1950-இல் எழுதிய கட்டுரையில் தேவை மாறும் விதங்களைப் பிரித்துக் காட்டினார். ஊரே வாங்குகிறது என்பதற்காகவே நாமும் வாங்குவது ஒன்று. ஊரே வாங்குகிறது என்பதற்காகவே நாம் விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதற்கு அவர் ஸ்னாப் விளைவு என்று பெயர் வைத்தார். பொருள் அப்படியேதான் இருக்கும், விலையும் மாறியிருக்காது. வைத்திருப்பவர்களின் எண்ணிக்கை கூடியதே அதன் மதிப்பைக் குறைத்துவிடும்.

ஆனால் எண்ணிக்கையைவிட 'யார்' என்பது முக்கியம் என்று பிற்பாடு தெரியவந்தது. ஜோனா பெர்கர், சிப் ஹீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார்கள். அப்போது அமெரிக்காவில் புற்றுநோய் நிதிக்காக விற்ற மஞ்சள் ரப்பர் பட்டை பிரபலம். ஒரு விடுதி மாணவர்களுக்கு முதலில் அதை விற்றார்கள், அவர்கள் கையில் கட்டிக்கொண்டார்கள். சில நாள் கழித்து, பக்கத்திலிருந்த 'படிப்பாளி' விடுதிக்காரர்களுக்கும் அதையே விற்றார்கள். அந்தப் படிப்பாளிகள் கையில் மஞ்சள் பட்டை ஏறியதும் முதல் விடுதியில் கட்டியிருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கழற்றிவிட்டார். படிப்பாளிகள் அருகில் இல்லாத தொலைவிலிருந்த இன்னொரு விடுதியில் அப்படிக் கழற்றியவர்கள் மிகக் குறைவு. பட்டை சலித்துப்போய்விட்டது காரணமென்றால் இரண்டு விடுதியிலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 'என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்களோ' என்ற எண்ணம்தான் கையிலிருந்து கழற்ற வைத்தது.

இது எல்லாப் பொருளுக்கும் நடக்காது. பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஊரே ஒரே பிராண்டில் வாங்கினாலும் நமக்குக் கவலையில்லை. இசை, உடை, முடிவெட்டு போன்றவற்றில்தான் இது வேகமாக வேலை செய்கிறது, ஏனென்றால் இவற்றை வைத்துத்தான் 'நான் இன்ன மாதிரி ஆள்' என்று மற்றவர்களுக்குக் காட்டுகிறோம். பதினாறு பதினேழு வயதில் இசைதான் பலருக்கு முதல் சொந்த அடையாளம். வீடும் பள்ளியும் சாதியும் ஊரும் யாரோ கொடுத்தவை. அந்த பேண்டின் டிஷர்ட் மட்டும் தானே தேர்ந்தெடுத்தது. அதே டிஷர்ட்டைத் தன்னைப் பள்ளியில் கேலி செய்தவனும் போட்டுக்கொண்டு வந்தால் அது இனி எதையும் சொல்லாது. அந்த வயதில் அது சின்ன இழப்பு இல்லை. அதைப் பந்தா என்று சிரித்துக் கடந்துவிட என்னால் முடியவில்லை.

கூட்டம் மாறும்போது

அடையாளத்தைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியும் மாற்றம் ஒன்றும் நடக்கிறது. அரங்கில் பக்கத்தில் நிற்கிற ஆள் மாறிவிடுகிறார்.

நிர்வானா என்ற ராக் பேண்டின் கதை இதற்குச் சரியான உதாரணம். 1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்ய ஆன செலவு சுமார் 600 டாலர். சியாட்டிலின் சப் பாப் என்ற சின்ன லேபிள் அதை வெளியிட்டது. இரண்டாவது ஆல்பமான 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பர் 24-ஆம் தேதி கெஃபன் என்ற பெரிய கம்பெனியின் லேபிளில் வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பியது ஏறத்தாழ 46,000 பிரதிகள்தான். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைக் கீழே தள்ளிவிட்டு, அமெரிக்காவில் அதிகம் விற்கும் ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. நாலு மாதத்துக்குள் நடந்த மாற்றம் இது.

புதிதாக வந்த கூட்டத்தில் எல்லா வகை ஆட்களும் இருந்தார்கள். ஆண் திமிரைக் கிண்டல் செய்து பேண்டின் பாடகர் கர்ட் கோபேன் எழுதிய பாட்டுகளுக்கு, அதே ஆண் திமிரோடு ஆடியவர்களும் இருந்தார்கள். 1992 டிசம்பரில் வந்த தொகுப்பு ஆல்பத்தின் உறையில் கோபேன் நேரடியாகவே எழுதினார்: வேறு நிறத்தவரையோ, ஒருபாலீர்ப்பாளர்களையோ, பெண்களையோ வெறுப்பவர்கள் எங்கள் கச்சேரிக்கு வர வேண்டாம், ஆல்பத்தையும் வாங்க வேண்டாம். வல்லுறவின் கொடுமையைப் பற்றி அவர் எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டே இரண்டு பேர் ஒரு பெண்ணை வல்லுறவு செய்த செய்தியையும் அதே குறிப்பில் சொல்லியிருந்தார். கேட்பவர் யார் என்பதைப் பாடியவரால் கட்டுப்படுத்த முடியாமல் போய்விட்டது. ஆரம்பக் காலத்தில் அந்த அரங்குகளைப் பாதுகாப்பான இடமாக நினைத்து வந்த ஒரு பெண், 1992-இல் முன்வரிசையில் நசுங்கிவிட்டு 'இனிமேல் போக மாட்டேன்' என்று சொன்னால், அதற்கும் ஸ்னாப் விளைவுக்கும் சம்பந்தமில்லை.

புது ரசிகர்கள் வருவதால் மதிப்பீடே கீழிறங்குவதும் உண்டு. இதை இசையில் இல்லாமல் புத்தகங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பாலாஷ் கோவாச், அமாண்டா ஷார்க்கி என்ற ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கியப் பரிசு வென்ற புத்தகங்களையும், இறுதிப் பட்டியல்வரை வந்து பரிசைத் தவறவிட்ட புத்தகங்களையும் ஒப்பிட்டார்கள். பரிசு கிடைத்த பிறகு வென்ற புத்தகங்களுக்கு வாசகர்கள் தரும் மதிப்பெண் குறைந்தது. புத்தகத்தில் ஓர் எழுத்து கூட மாறவில்லை. முன்பெல்லாம் அந்த வகை எழுத்து பிடித்தவர்கள் மட்டும் தேடிப் படித்தார்கள். இப்போது பரிசுக்காகப் பலரும் எடுத்துப் பார்க்கிறார்கள், அவர்களில் பலருக்கு அது ஒத்துவரவில்லை. பேண்டுக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். ஒரே ஒரு ஹிட் பாட்டுக்காக வந்தவர்கள் மற்றப் பாட்டுகளின்போது பேசிக்கொண்டும் பீர் வாங்கப் போய்க்கொண்டும் இருப்பார்கள். அந்த மற்றப் பாட்டுகளுக்காகவே வந்த பழைய ரசிகருக்கு அந்த இரவு பாழ்.

வளர்ந்தும் ரசிகர்களை இழக்காத பேண்ட்

பிரபலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைப்பவர்கள் ஃபுகாஸியைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனைச் சேர்ந்த பேண்ட், 1987-இல் தொடங்கியது. பாடகர்களில் ஒருவரான இயன் மக்காய், தன் நண்பரோடு சேர்ந்து 1980-இலேயே டிஸ்கார்டு என்ற லேபிளை ஆரம்பித்து நடத்திவந்தவர். ஃபுகாஸியின் ஆல்பங்கள் லட்சக்கணக்கில் விற்றன, அவர்கள் பாடாத கண்டம் குறைவு. பெரிய லேபிள்கள் பின்னாலேயே வந்தன. அவர்கள் போகவில்லை.

கச்சேரி டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயதினரும் வரலாம். டிஷர்ட் போன்ற சாமான்கள் எதையும் விற்கவில்லை. கூட்டத்தில் யாராவது முரட்டுத்தனமாக மற்றவர்கள் மேல் மோதினால் மக்காய் பாட்டை நிறுத்துவார், அந்த ஆளைப் பெயர் சொல்லாமல் விரல் நீட்டிப் பேசுவார், அடங்காவிட்டால் ஒரு கவரில் 5 டாலரைப் போட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இதற்கென்றே டூரில் கவர்களைத் தயாராக வைத்திருந்தார்கள். காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டால் 'நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்' என்று சொல்ல அவனுக்கு வாய்ப்பு இல்லை.

கூட்டம் பெருகினாலும் முன்வரிசையில் நிற்க பயப்பட வேண்டியதில்லை என்பதை அந்தக் கவர் உறுதி செய்தது. வளர்ந்த பிறகும் டிக்கெட் விலை பழைய ரசிகரின் கைக்கு எட்டியது. கூட்டாளி என்ற உணர்வும் உடையவில்லை. அதனால்தான் இவர்களை யாரும் விலைபோனவர்கள் என்று சொல்ல முடியவில்லை. இதை வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இது: ரசிகர்கள் பிரபலத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், அதோடு சேர்ந்து தங்கள் இடமும் பறிபோகும்போதுதான் எழுந்து போகிறார்கள். எல்லா பேண்டும் ஃபுகாஸி மாதிரி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளை குட்டி, வாடகை, மருத்துவச் செலவு என்று வரும்போது 5 டாலர் டிக்கெட்டில் எல்லாராலும் காலம் தள்ள முடியாது. கிரீன் டே எடுத்த முடிவில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. கதவை மூடிய கில்மன்காரர்களின் நியாயமும் எனக்குப் புரிகிறது, அந்த விதி இல்லாமல் அந்த இடம் இத்தனை ஆண்டு நின்றிருக்காது.

'பாட்டே மாறிப்போச்சு' என்பது எவ்வளவு உண்மை?

விலகுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் இசை மாறிவிட்டது என்பதுதான். சில சமயம் அது அப்படியே உண்மை. மெட்டாலிகா 1980-களில் அசுர வேகத்தில் வாசித்த பேண்ட். ஒரு பாட்டுக்குள் ஐந்தாறு திருப்பங்கள் இருக்கும். 1991-இல் பாப் ராக் என்ற தயாரிப்பாளரோடு செய்த ஆல்பத்தில் வேகத்தைக் குறைத்து, பாட்டுகளைச் சுருக்கி, மென்மையான காதல் பாட்டையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றது. பழைய வேகத்துக்காக வந்தவர்கள் ஏமாந்தது நியாயம்தான், அவர்கள் தேடிய சரக்கு அங்கே இல்லை. ஆனால் 'டூக்கி'யைக் கிரீன் டேயின் முந்தைய ஆல்பத்தோடு அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒலிப்பதிவு துல்லியமாகியிருக்கிறது, அவ்வளவுதான். மெட்டு, வேகம், குரல் எல்லாம் அதேதான். லுக்அவுட் நாட்களின் ஒரு பாட்டையே அதில் மறுபடி பதிவு செய்து சேர்த்திருந்தார்கள். அங்கே மாறியது பாட்டைச் சுற்றியிருந்த உலகம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, பலர் யோசிக்காதது. ஒரு பேண்டைப் பிரபலமாக்கும் ஆல்பம் பெரும்பாலும் அவர்கள் செய்ததிலேயே மிகச் சிறந்ததாக இருக்கும், அதனால்தானே பிரபலமாகிறது. அப்படியானால் அடுத்தது அதைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முதல் ஆல்பத்துக்குப் பல வருடம் பாட்டுச் சேர்த்திருப்பார்கள். அடுத்ததை டூருக்கு நடுவே சில மாதங்களில் முடிக்க வேண்டியிருக்கும். பிரபலம் அவர்களைக் கெடுத்துவிட்டது என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி, உச்சத்திலிருந்து சராசரிக்குத் திரும்பும் சாதாரண இறக்கம்தான்.

அப்புறம் சலிப்பு. ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது முதலில் பிடிப்பு கூடும், ஓர் அளவுக்கு மேல் குறையத் தொடங்கும். பழைய ரசிகர் அந்த அளவை எப்போதோ தொட்டுவிட்டார். ஊர் கேட்கத் தொடங்கும்போது அவருக்கு அது முந்நூறாவது தடவை.

இன்றைக்கு இது எப்படி இருக்கிறது?

விலைபோவது என்ற குற்றச்சாட்டு இன்று முன்பு போல் சூடாக இல்லை. இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வழி செய்த நாப்ஸ்டர் 1999-இல் வந்ததிலிருந்து ஆல்பம் விற்றுப் பிழைப்பது கடினமாகிக்கொண்டே போனது. அதே 1999-இல் மோபி என்ற இசைக்கலைஞர் தன் ஆல்பத்தின் 18 பாட்டுகளையுமே விளம்பரம், சினிமா, டிவிக்கு உரிமம் கொடுத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். இன்று ஒரு சின்ன பேண்டின் பாட்டு விளம்பரத்தில் வந்தால் ரசிகர்கள் 'அப்பாடா, இந்த மாசம் வாடகை கட்டிடுவாங்க' என்று நிம்மதியடைகிறார்கள்.

கூட்டம் மாறும் பிரச்சினை மட்டும் போகவில்லை, வேகம் கூடியிருக்கிறது. முன்பு ஒரு பேண்ட் பிரபலமாக வருடங்கள் ஆகும். இப்போது பாட்டின் பதினைந்து விநாடித் துண்டு ஒன்று ரீல்ஸில் சுற்றத் தொடங்கினால் சில வாரம் போதும். அமெரிக்கப் பாடகி மிட்ஸ்கியின் பழைய பாட்டுகள் டிக்டாக்கில் பரவி, அரங்குகள் மிக இளையவர்களால் நிரம்பின. 2022 தொடக்கத்தில் அவர், முழுப் பாட்டையும் ஃபோனில் படம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது நாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதாகவே தோன்றவில்லை என்று எழுதினார். ஆதரித்தவர்களும் இருந்தார்கள், எதிர்த்தவர்களும் இருந்தார்கள். சண்டை பாட்டைப் பற்றியது இல்லை. அரங்கில் எப்படி நிற்பது, எப்படிக் கேட்பது என்ற பழக்கத்தைப் பற்றியது. கில்மன் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதுதான்.

விலகியவர்கள் திரும்பி வருவார்களா? நிறையப் பேர் வருகிறார்கள், ஆனால் வருடக்கணக்கில் ஆகும். 2015 ஏப்ரலில் கிரீன் டே, ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது. அடுத்த மாதம் 17-ஆம் தேதி, தீ விபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்டும் கச்சேரியில் அவர்கள் கில்மன் மேடையில் ஏறி வாசித்தார்கள்.

ஜாபிரேக்கர் என்ற சான் ஃபிரான்சிஸ்கோ பேண்டின் கதை இன்னும் கடுமையானது. பெரிய லேபிளுக்குப் போக மாட்டோம் என்று மேடையிலேயே சொல்லிவந்தவர்கள். பிறகு போனார்கள். 'டூக்கி'யைத் தயாரித்த அதே ராப் கவாலோவை வைத்து 1995-இல் ஓர் ஆல்பம் செய்தார்கள். பழைய ரசிகர்கள் கச்சேரிக்கு வந்து, புதுப் பாட்டுகள் தொடங்கியதும் மேடைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆல்பம் விற்கவில்லை. அடுத்த வருடமே பேண்ட் உடைந்தது. அந்த ஆல்பம் கடைகளில் கிடைக்காமல் போனது. அதன் பிறகு சத்தமில்லாமல் அதைத் தேடிக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். 2004-இல் டிரம்மர் தன் சொந்த லேபிளில் அதை மறுபடி வெளியிட்டார். 2017-இல் சிகாகோவில் பேண்ட் மீண்டும் சேர்ந்து வாசித்தது. 2022-இல் அந்த 1995 ஆல்பத்தின் வெள்ளிவிழாவுக்கென்றே, கொரோனாவால் தள்ளிப்போன ஒரு டூரை நடத்தினார்கள்.